தெருத்தெருவாகக் கடிதம் கொடுத்தவர், வீடு தேடிப் பாட்டு அனுப்பினார்! - 'பாடும் தபால்காரர்' ஜான் பிரைனின் கதை

1970-ம் வருடம். அமெரிக்காவின் சிகாகோ நகரம். 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழின் சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு படத்துக்குப் போயிருந்தார். படம் தேறவில்லை. வாங்கிய பாப்கார்னில் உப்பு வேறு தூக்கல். பாதியிலேயே எழுந்து வந்தவர், தொண்டையை நனைத்துக்கொள்ளலாம் என்று 'ஃபிஃப்த் பெக்' என்ற சின்ன கிளப்புக்குள் நுழைந்தார்.

உள்ளே மேடையில் ஓர் இளைஞர் கிடாரும் கையுமாக நின்றிருந்தார். பார்த்தாலே தெரிகிற கூச்சம். பெரிய குரல்வளம் எல்லாம் இல்லை. ஆனால், பாட்டின் வார்த்தைகளைக் கேட்கக் கேட்க ஈபர்ட்டுக்குப் பாதியில் விட்டுவந்த படமே மறந்துபோனது. 1970 அக்டோபர் 9-ம் தேதி நாளிதழில் அவர் எழுதியது சினிமா விமர்சனம் அல்ல. ஒரு 'பாடும் தபால்காரர்' பற்றிய கட்டுரை!

ஜான் பிரைன் என்ற பெயருக்கு அச்சில் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான். மறுநாள் அவருக்கு 24 வயது பூர்த்தியானது. அதுவரை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்கு முன்னால் பாடிக்கொண்டிருந்தவரைத் தேடி, அதற்குப் பிறகு கிளப் நிறைய ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

அமெரிக்காவின் தென்பகுதிக் கிராமங்களில் பிறந்த இசை, 'கன்ட்ரி மியூசிக்.' கிடார், ஃபிடில், பேஞ்சோ வைத்துக்கொண்டு குடும்பம், வேலை, குடி, பிரிவு, ஊர் ஞாபகம் என்று பாடுவார்கள். பின்னாளில் அது பெரிய வியாபாரமாகி, டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்தில் கம்பெனிகளாகக் குவிந்தது. ஜான் பிரைன் அந்த இசையில்தான் ஊறியவர். ஆனால், கம்பெனிகளின் கதவுக்கு வெளியே நின்றுகொண்டே கடைசிவரை பாட்டு எழுதிப் பிழைத்தவர். எப்படி முடிந்தது?

அப்பாவின் ஊர்

ஜான் பிரைன் பிறந்தது 1946 அக்டோபர் 10. சிகாகோவை ஒட்டிய மேவுட் என்ற ஊர். அப்பா வில்லியம், தொழிற்சாலைக்கான அச்சுகளும் கருவிகளும் செய்யும் தொழிலாளி. அம்மா வெர்னா. இருவருமே கென்டக்கி மாநிலத்தின் மூலன்பெர்க் மாவட்டத்துக்காரர்கள். பிழைப்பு தேடி வடக்கே வந்தாலும், அப்பாவுக்குச் சொந்த ஊர் என்றால் கென்டக்கிதான். வானொலியிலும் கன்ட்ரி பாட்டுதான் கேட்பார். கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள்.

அங்கே கிரீன் ரிவர் என்ற ஆற்றங்கரையில் 'பாரடைஸ்' என்று ஒரு குட்டி ஊர். சொர்க்கம் என்று பெயர். கீழே நிலக்கரி. மண்ணை மேலிருந்து சுரண்டிக்கொண்டே போகும் ராட்சத இயந்திரங்கள் வந்தன. பக்கத்திலேயே அரசின் டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையம் அனல்மின் நிலையம் கட்டியது. சாம்பல் பறந்து வந்து வீடுகள் மேல் விழுந்தது. 1967-ல் ஊரில் மிச்சமிருந்ததை ஆணையமே விலைக்கு வாங்கி இடித்துத் தள்ளியது. சொர்க்கம் இருந்த இடம் காலி!

அப்போது ஜான் ராணுவத்தில் இருந்தார். 1966-ல் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைப்பு வந்திருந்தது. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். அதிர்ஷ்டம், அவரை அனுப்பியது மேற்கு ஜெர்மனிக்கு. அங்கே வண்டி மெக்கானிக் வேலை. கூடப் படித்த பையன்கள் பலர் வியட்நாமுக்குப் போனார்கள். இந்த இரண்டும், அதாவது இல்லாமல் போன அப்பாவின் ஊரும் போரிலிருந்து திரும்பிய நண்பர்களின் முகங்களும்தான் பின்னாளில் அவரது புகழ்பெற்ற இரண்டு பாட்டுகள் ஆயின.

பையில் கடிதம், தலையில் பாட்டு

14 வயதில் அண்ணன் டேவ் கற்றுக்கொடுத்த கிடார். அதற்குப் பிறகு சிகாகோவின் ஓல்டு டவுன் நாட்டுப்புற இசைப் பள்ளியில் கொஞ்சம் பயிற்சி. அவ்வளவுதான் அவரது இசைக் கல்வி. ராணுவத்திலிருந்து வந்ததும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்த தபால்காரர் வேலைக்கே திரும்பினார்.

சிகாகோவின் குளிர்காலத்தில் தபால் கொடுப்பது லேசான வேலை இல்லை. காற்று முகத்தை அறுக்கும். தெருமுனையில் தபால்காரர்களுக்காகவே பெரிய இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். அடுத்த தெருவுக்கான கடிதக்கட்டுகளை அதற்குள் போட்டு வைத்திருப்பார்கள். காற்று தாங்க முடியாத நாளில் அந்தப் பெட்டிக்குள்ளேயே போய் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவாராம் ஜான். தெருவும் வீடுகளும் பழகிவிட்டால் கால் தானாக நடக்கும், மனசு சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான் பாட்டுகளை எழுதினார். புத்தகமே இல்லாத நூலகம் மாதிரி என்று அந்த வேலையைப் பின்னாளில் வர்ணித்திருக்கிறார். யாரும் தொந்தரவு செய்யாத அமைதி என்ற அர்த்தத்தில்!

தபால்காரருக்கு இன்னொரு வசதியும் உண்டு. எந்த வீட்டுக்குக் கடிதம் வருகிறது, எந்த வீட்டுக்கு வருவதே இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஜான் பிரைனின் பாட்டுகளில் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை வீட்டுக்காரர்கள்தான்.

'ஹலோ இன் தேர்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வளர்ந்து போய்விட்ட வயதான தம்பதி. ஒரு மகன் போரில் இறந்துவிட்டான். பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் நாள் நகர்கிறது. இதை எழுதியபோது ஜானுக்கு வயது இருபது சொச்சம்தான். எங்கிருந்து வந்தது இந்த வயோதிகம்? சிறுவனாக இருந்தபோது, பேப்பர் போடும் நண்பனுக்குத் துணையாக ஒரு முதியோர் இல்லத்துக்குப் போவாராம். அறை அறையாகப் போய்ப் பேப்பரைக் கையில் கொடுக்க வேண்டும். அங்கே சில பாட்டிகள், வந்திருக்கும் பையன் ஏதோ தங்கள் சொந்தப் பேரன் என்பது போலப் பக்கத்து அறைக்காரர்களிடம் காட்டிக்கொள்வார்களாம். அந்தப் பையனும் மறுக்கவில்லை. அதை மறக்கவும் இல்லை.

'சாம் ஸ்டோன்' பாட்டில் வருகிறவர், காயத்துக்குப் பதக்கமும் வலிக்குப் போதையுமாக வியட்நாமிலிருந்து வீடு திரும்பிய சிப்பாய். அவருடைய குடும்பம் மெல்ல மெல்லச் சிதைவதைப் பாட்டு சொல்லும். அமெரிக்காவே போரைப் பற்றி உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பாட்டு கோஷம் எதுவும் போடவில்லை. ஒரு வீட்டு வரவேற்பறையைக் காட்டியது.

இந்தப் பாட்டுகளை முதன்முதலில் மேடையில் பாடிய கதையும் சுவாரஸ்யம். ஃபிஃப்த் பெக்கில், யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம் என்ற ஓர் இரவு. ஜான் பார்வையாளராக உட்கார்ந்து, பாடுகிறவர்களைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். 'அவ்வளவு தெரிந்தால் நீ போய்ப் பாடு' என்கிற மாதிரி பக்கத்திலிருந்து ஒரு சவால். ரோஷத்தில் ஏறிவிட்டார். மூன்று பாட்டு பாடினார். முடித்தால்... ஒரு சத்தமும் இல்லை. சொதப்பிவிட்டோம் என்று நெளிய ஆரம்பித்தார். சில நொடிகள் கழித்துத்தான் கைதட்டல் எழுந்தது. கூட்டம் கரைந்துபோய் உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

கிளப்காரர் வாரம் ஒரு நாள் வேலை கொடுத்தார். ஓர் இரவுக்கு மூன்று முறை மேடையேற வேண்டும். கையில் அவ்வளவு பாட்டு ஏது? தபால் கொடுத்துக்கொண்டே அவசர அவசரமாக எழுதினார். அப்படி எழுதியவற்றில் ஒன்றுதான் 'ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்காமரி.' முதியவர்களைப் பற்றி இன்னொரு பாட்டு எழுதலாமே என்று ஒரு நண்பர் கேட்டதில் பிறந்தது. தன் வயதைவிட அதிகமாக முதுமையை உணர்கிற நடுத்தர வயதுக் குடும்பத்தலைவி, தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த பாட்டு. 1974-ல் பாடகி போனி ரைட் அதைப் பாடினார். இன்றுவரை அமெரிக்கப் பெண்கள் தங்கள் பாட்டு என்று சொல்லிக்கொள்வது ஒரு தபால்கார இளைஞர் எழுதியதைத்தான்!

நாற்காலிகளைக் கவிழ்த்த பிறகு...

அடுத்த திருப்பம் 1971-ல். சிகாகோவின் இன்னொரு பாடகர் ஸ்டீவ் குட்மேன், ஜானின் நெருங்கிய நண்பர். அப்போது புகழேணியில் ஏறிக்கொண்டிருந்த கிரிஸ் கிறிஸ்டோஃபர்சனின் நிகழ்ச்சிக்கு முன்னால் பாடும் வாய்ப்பு குட்மேனுக்குக் கிடைத்திருந்தது. கிறிஸ்டோஃபர்சனுக்கு குட்மேனின் பாட்டு பிடித்துவிட்டது. இன்னொருவராக இருந்தால் தன் காரியத்தைப் பார்த்திருப்பார். குட்மேனோ, 'என் நண்பன் ஒருவன் இருக்கிறான், அவனைக் கேளுங்கள்' என்று அந்த இரவிலேயே அவரை ஜான் பாடும் இடத்துக்கு அழைத்துப் போனார்.

கடை மூடும் நேரம். நாற்காலிகளை மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். தூக்கக் கலக்கத்தில் இருந்த ஜான் கிடாரை எடுத்துப் பாடினார். கேட்டு முடித்த கிறிஸ்டோஃபர்சன், பாடியதையெல்லாம் மறுபடி பாடச் சொன்னார். வேறு ஏதாவது இருந்தால் அதையும்! கொஞ்ச நாளில் நியூயார்க் மேடை ஒன்றில் கிறிஸ்டோஃபர்சன் ஜானை ஏற்றிவிட, கூட்டத்தில் இருந்த அட்லான்டிக் ரெக்கார்ட்ஸின் ஜெர்ரி வெக்ஸ்லர் அடுத்த நாளே ஒப்பந்தம் கொடுத்தார். தபால் பையை இறக்கி வைத்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

முதல் ஆல்பத்தில் 'பாரடைஸ்' பாட்டும் இருந்தது. அப்பாவுக்காக, அப்பாவின் ஊரைப் பற்றி எழுதியது. ஊரை வாரிக்கொண்டு போன நிலக்கரி நிறுவனத்தின் பெயரையே பாட்டில் வைத்திருந்தார். பிற்பாடு அந்த நிறுவனம் பாட்டுக்கு மறுப்புச் சொல்லித் துண்டுப்பிரசுரம் வெளியிட்டது. ஒரு பாட்டுக்குப் போய் ஒரு பெரிய கம்பெனி பதில் எழுதுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆல்பத்தின் டேப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினார் ஜான். 'பாரடைஸ்' வந்ததும் அப்பா எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, ஜூக்பாக்ஸில் பாடுவது போல நினைத்துப் பார்க்கத்தான் என்றாராம். ஜூக்பாக்ஸ் என்பது ஹோட்டல்களிலும் மதுக்கடைகளிலும் இருக்கும், காசு போட்டால் பாடும் பெட்டி. அதில் ஒருவர் பாட்டு வந்துவிட்டால் அவர் பாடகர் என்று அர்த்தம். ஆல்பம் கடைக்கு வருவதற்குள் அப்பா இறந்துவிட்டார்.

'நாமே விற்போம்!'

புகழ் வந்தது. 1973-ல் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி விருதுக்குப் பரிந்துரை கிடைத்தது. பாப் டிலனே அறிவிப்பில்லாமல் வந்து, ஜான் பாடிய மேடையில் ஹார்மோனிகா வாசித்துவிட்டுப் போனார். பணம் மட்டும் அந்த அளவுக்கு வரவில்லை. அட்லான்டிக்கில் நான்கு ஆல்பம், அசைலம் நிறுவனத்தில் மூன்று ஆல்பம். பத்திரிகைகள் பாராட்டின. விற்பனைப் பட்டியலில் மேலே ஏறவில்லை.

இங்கே பாட்டு வியாபாரத்தின் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய கம்பெனி பாடகருக்கு முன்பணம் கொடுக்கும். ஸ்டூடியோ செலவையும் போடும். ஆனால், அதெல்லாம் கடன் மாதிரி. பாடகருக்குச் சேர வேண்டிய பங்கிலிருந்து அந்தச் செலவு கழிந்த பிறகுதான் அவர் கைக்குக் காசு வரும். பதிவு செய்த ஒலிநாடாவின் உரிமையோ கம்பெனிக்கு. பாட்டை எழுதியவருக்குத் தனி வரும்படி உண்டு. ஜானின் முதல் ஆல்பம் வந்த காலத்தில், விற்கும் ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் பாட்டு ஒன்றுக்கு 2 சென்ட் என்பது சட்டப்படியான தொகை. 1909-ல் வைத்த அந்த 2 சென்ட், 1977 வரை மாறவே இல்லை! அதிலும் பதிப்பாளருக்குப் பங்கு போகும்.

ரேடியோ இன்னொரு விசித்திரம். அமெரிக்க வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் பணம். பாடியவருக்கு ஒன்றும் கிடையாது. அதனால்தான் அங்கே பாட்டு எழுதத் தெரிந்தவர் பாடத் தெரிந்தவரைவிட நீண்ட நாள் தாக்குப்பிடிக்க முடிகிறது. பெரிய நட்சத்திரம் யாராவது பாடி ஹிட்டாக்கினால் வீட்டிலிருந்தபடியே எழுதியவருக்குக் காசு வரும்.

அப்படி வரவேண்டிய ஒரு காசை வேண்டாம் என்று சொன்ன கதையும் ஜானிடம் உண்டு. குட்மேனும் அவரும் சேர்ந்து, கன்ட்ரி பாட்டுகளையே கிண்டலடித்து ஒரு பாட்டு எழுதினார்கள். நாஷ்வில்காரர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்து, தன் பெயரைப் போட வேண்டாம் என்றுவிட்டார் ஜான். 1975-ல் டேவிட் ஆலன் கோ பாடி அது பெரிய ஹிட்! கிடைத்த பணத்தில் குட்மேன் நண்பனுக்கு ஒரு பரிசு வாங்கிக் கொடுத்தார். என்ன பரிசு தெரியுமா? ஒரு ஜூக்பாக்ஸ்.

1980-ல் அசைலத்துக்கான கடைசி ஆல்பம் வந்தது. அடுத்த கம்பெனியைத் தேடி அலையவில்லை ஜான். மேனேஜர் அல் புனெட்டா, டான் ஐன்ஸ்டைன் இருவரோடு சேர்ந்து 1981-ல் 'ஓ பாய் ரெக்கார்ட்ஸ்' என்ற சொந்த நிறுவனத்தை ஆரம்பித்தார். இன்று யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் இருக்கும் காலத்தில் இது சாதாரணமாகத் தெரியலாம். 1981-ல் இணையம் இல்லை. கடைகளுக்கு இசைத்தட்டை அனுப்பும் வழி பெரிய கம்பெனிகளின் கையில் இருந்தது. பாடகர் தானே கம்பெனி நடத்துவதென்பது, கிட்டத்தட்ட தொழிலை விட்டு விலகுவதற்குச் சமமாகப் பார்க்கப்பட்டது.

ஜான் நம்பியது தபாலை. நிகழ்ச்சிக்கு வருகிறவர்களுக்குக் கடிதம் போனது. அடுத்த ஆல்பம் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட ரசிகர்கள், கேட்காத பாட்டுக்கு முன்கூட்டியே செக் எழுதி அனுப்பினார்கள். அந்தப் பணமே ஆல்பத்தின் செலவுக்குப் போதுமானதாக இருந்தது. 1984-ல் 'எய்ம்லெஸ் லவ்' வெளிவந்தது. 'கிரவுடு ஃபண்டிங்' என்ற வார்த்தை புழக்கத்துக்கு வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இது நடந்தது!

அதே 1984 செப்டம்பரில் குட்மேன் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். வயது 36. தன் வாய்ப்பை நண்பனோடு பங்கிட்டுக்கொண்டவர் அவர். ஜானுக்கு இது எப்படிப்பட்ட இழப்பு என்பதை விளக்கத் தேவையில்லை.

ஓ பாய் மெதுவாக ஓடியது. 1991-ல் வந்த 'தி மிஸ்ஸிங் இயர்ஸ்' ஆல்பத்தில் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன், டாம் பெட்டி, போனி ரைட் மூவரும் வந்து பாடினார்கள். கிராமி விருதும் வந்தது. பெரிய கம்பெனிகளில் இருந்தபோது கிடைக்காத விருது, சொந்தக் கம்பெனியில்!

குரல் போன வருடம்

1988-ல் டப்ளின் நகரில் ஃபியோனா வீலன் என்ற அயர்லாந்துப் பெண்ணைச் சந்தித்தார் ஜான். அங்கே ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் நிர்வாகம் பார்த்தவர். 1996-ல் திருமணம். வீட்டில் சின்னக் குழந்தைகள். ஐம்பதைத் தொட்ட வயதில்தான் ஜானுக்கு நிலையான குடும்ப வாழ்க்கை அமைந்தது.

1998 தொடக்கத்தில் கழுத்தின் வலதுபக்கம் புற்றுநோய் என்று தெரிந்தது.

பெரிய அறுவைசிகிச்சை. கழுத்தில் ஒரு பகுதியையே வெட்டி எடுத்தார்கள். நாக்குக்குப் போகும் சில நரம்புகள் அறுபட்டன. ஆறு வாரக் கதிர்வீச்சில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் பாதிக்கப்பட்டன. பேச்சுப் பயிற்சியும் ஓய்வுமாக ஒரு வருடம் போனது. பாடகருக்குத் தொண்டைதானே முதல்? மேடையேறாவிட்டால் வருமானம் நின்றுபோகும் தொழில் அது.

அந்த வருடம் கைகொடுத்தது அவர் எழுதிய ஒரு பாட்டு. ரோஜர் குக் என்பவரோடு சேர்ந்து எழுதி, 1986-ல் தன் ஆல்பத்தில் தானே பாடிய ஒரு சின்னக் காதல் பாட்டு. கன்ட்ரி உலகின் சூப்பர் ஸ்டார் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் 1998-ல் அதைப் பாட, கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. ஜான் பாட முடியாமல் வீட்டில் இருந்த மாதங்களில், அவர் எழுதிய வரிகள் நாடெங்கும் ரேடியோவில் ஒலித்துக்கொண்டிருந்தன.

மறுபடி பாட வந்தபோது குரல் மாறியிருந்தது. கீழே இறங்கி, கரகரப்பாக, சரளைக்கல் மேல் வண்டி போவது போல. பழைய பாட்டுகளைப் பழைய சுருதியில் பாட முடியவில்லை. சுருதியைக் குறைத்துப் பாடிப் பார்த்தார். ஆச்சரியமாக, முப்பது வருடமாகப் பாடிச் சலித்த பாட்டுகள் அவருக்கே புதிதாகத் தெரிந்தன. இத்தனை காலம் தன் குரலுக்கு மேலான சுருதியில் பாடிக்கொண்டிருந்தோமோ என்றுகூடத் தோன்றியதாம்.

2000-ல் 'சூவனீர்ஸ்' என்ற ஆல்பம் வந்தது. கம்பெனிகளிடம் விட்டுவந்த பழைய பாட்டுகளையே புதுக்குரலில் மறுபடி பதிவு செய்திருந்தார். பழைய ஒலிநாடாக்கள் கம்பெனிகளுக்குச் சொந்தம். இந்தப் பதிவுகள் ஓ பாயுக்குச் சொந்தம். 'ஹலோ இன் தேர்' பாட்டை 1971-ல் பாடிய குரலையும் இதில் பாடிய குரலையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலில் பாடுவது, முதியவர்களைத் தூரத்திலிருந்து பார்க்கும் பையன். இரண்டாவதில் அந்த வீட்டுக்குள்ளிருந்தே யாரோ பேசுகிறார்கள்.

2003-ல் ஓ பாய் ஓர் ஆல்பம் வெளியிட்டது. பாடியவர் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன்! நாற்காலிகள் கவிழ்ந்த இரவில் ஜானைக் கண்டெடுத்தவருக்கு, ஜானின் கம்பெனி. 2005-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவரை அழைத்து, அரசவைக் கவிஞர் டெட் கூசரோடு மேடையில் உட்காரவைத்துப் பாட்டும் பேச்சும் கேட்டது. புத்தகமில்லாத நூலகத்தில் எழுதியவர் நிஜமான நூலகத்துக்கு வந்துசேர்ந்தார்.

பெட்டி பெட்டியாகப் பாட்டு

2013-ல் இடது நுரையீரலில் மறுபடி புற்றுநோய். மறுபடி அறுவைசிகிச்சை. இந்த முறை மூச்சைத் திரும்பப் பெறுவதற்காக, மாடிப்படியில் ஏறி இறங்கி, அந்த மூச்சிரைப்போடு கிடாரை எடுத்துப் பாடிப் பழகினார். 2015-ல் மேனேஜர் அல் புனெட்டா இறந்துபோக, ஓ பாயின் பொறுப்பு முழுக்க ஜான் குடும்பத்திடம் வந்தது. ஃபியோனா மேனேஜர் ஆனார்.

புது ஆல்பம் வந்து பல வருடம் ஆகிவிட்டிருந்தது. ஃபியோனா ஒரு காரியம் செய்தார். நாஷ்வில் ஹோட்டல் ஒன்றில் அறை எடுத்து, கணவரை அங்கே அனுப்பிவைத்தார். கூடவே கிடார்கள், ஒரு யுகுலேலே, பாதி எழுதிப் போட்ட பாட்டுகள் அடங்கிய பத்துப் பெட்டிகள். எழுதி முடித்துவிட்டு வாருங்கள் என்று உத்தரவு! பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார் செய்கிற மாதிரிதான்.

2018-ல் 'தி ட்ரீ ஆஃப் ஃபர்கிவ்னெஸ்' வெளிவந்தது. 13 வருடத்துக்குப் பிறகு முழுக்கப் புதிய பாட்டுகள். பில்போர்டு 200 பட்டியலில் 5-ம் இடம். அரை நூற்றாண்டுப் பயணத்தில் அவர் தொட்ட உச்சம் அதுதான், 71 வயதில், சொந்தக் கம்பெனியில்! கடைசிப் பாட்டில், சொர்க்கத்துக்குப் போனால் என்னவெல்லாம் செய்வேன் என்று பட்டியல் போடுகிறார். டாக்டர்கள் தடுத்த சிகரெட்டும் அதில் உண்டு. சிரித்துக்கொண்டே கேட்கலாம், கொஞ்சம் கண்ணும் கலங்கும்.

அதே ஆல்பத்தில் ஜேசன் இஸ்பெல், அமாண்டா ஷைர்ஸ், பிராண்டி கார்லைல் என்று, அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறை வந்து பாடியது. 2019-ல் கென்டக்கியின் கெல்சி வால்டன் என்ற பாடகியை ஓ பாய் ஒப்பந்தம் செய்தது. அந்தக் கம்பெனி 15 வருடத்துக்குப் பிறகு சேர்த்துக்கொண்ட புதிய பாடகர் அவர்.

2020 பிப்ரவரியில் பாரிஸில் பாடினார் ஜான். அதுவே கடைசி மேடை. மார்ச் மாதம் ஃபியோனாவுக்குக் கொரோனா உறுதியானது. அடுத்து ஜானுக்கு. மார்ச் 26 அன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இரண்டு முறை புற்றுநோயைத் தாண்டிய உடம்பு. நுரையீரல் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தது. ஏப்ரல் 7 அன்று நாஷ்வில் நகரில் இறந்தார். வயது 73. ஊரடங்கு நேரம். கூட்டம் கூடிப் பாடி வழியனுப்ப முடியாத சாவு. பல ஊர்களில் ரசிகர்கள் அவரவர் வீட்டிலிருந்தே அவர் பாட்டைப் பாடி இணையத்தில் போட்டார்கள். கடைசியாக அவர் பதிவு செய்த பாட்டுக்கு அடுத்த வருடம் இரண்டு கிராமி விருதுகள் வந்தன. இல்லினாய் மாநிலம் அவரைக் கௌரவ அரசவைக் கவிஞராக அறிவித்தது.

'பாரடைஸ்' பாட்டில், தான் செத்தால் சாம்பலைக் கிரீன் ரிவரில் விடுங்கள் என்று இளம் வயதிலேயே எழுதிவைத்திருந்தார். குடும்பம் அதைச் செய்தது. பாதிச் சாம்பல் சிகாகோவில் அப்பா, அம்மா பக்கத்தில். மீதி அந்த ஆற்றில். அதே ஆற்றங்கரையில், பாரடைஸ் ஊர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், நிலக்கரியில் ஓடிக்கொண்டிருந்த அனல்மின் நிலையத்தின் கடைசி யூனிட்டை 2020 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். ஜான் பிரைன் பாரிஸில் பாடிக்கொண்டிருந்த அதே மாதம்.